புக்கில் இல்லாத தோணிக்காரி

வாங்க டீச்சருங்க, உள்ள வாங்க. கணக்கெடுப்புதானுங்களே? பக்கத்து ஊட்டுல நீங்க பேசிட்டு இருந்தது இங்க வரைக்கும் கேட்டுச்சுங்க. செருப்பு இருக்கட்டும், பரவால்லீங்க. இப்படி உக்காருங்க. அந்த நீலச் சேர் வேண்டாமுங்க, இந்தச் சேர்ல உக்காருங்க. மேசை மேல கை மட்டும் படாமப் பாத்துக்கங்க. அந்தப் பெரிய டப்பா மேல பட்டாக்கூட ஒண்ணும் ஆவாது. அந்த எவர்சில்வர் தட்டுத்தான். அதுல இருக்கறதுல ஒண்ணு கீழ உருண்டாலும் தேடி எடுக்க என்னால ஆவாதுங்க, கண்ணுல பொரை எடுத்து மூணு மாசந்தான் ஆச்சு.

கேளுங்க. பேரு நாச்சிமுத்து. வயசு அம்பத்தாறு. தரை மொசைக்கு, செவுரு செங்கல்லு, மேல கான்கிரீட்டு. ரூம்பு ரெண்டு. தண்ணி கார்ப்பரேசன் பைப்புத்தான், வாரத்துக்கு ஒருக்கா வந்தா நம்ம நல்ல நேரம். வேலை லிஃப்டு மெக்கானிக்கு. முப்பத்திரண்டு வருசமுங்க. இந்தக் கோயமுத்தூர்ல நீங்க ஏறி இறங்குன லிஃப்டுல பாதி நான் கை வெச்சதாத்தான் இருக்கும்.

ஊட்டுல எத்தனை பேருங்களா?

அதக் கடைசியாப் போட்டுக்கலாமுங்களா? மத்ததக் கேளுங்க, எல்லாத்துக்கும் டக்கு டக்குனு சொல்லிர்றேன்.

அலமாரியப் பாக்கறீங்க. எல்லாரும் முதல்ல அதத்தான் பாப்பாங்க. எல்லாருமுன்னா, கேஸ் சிலிண்டர் கொண்டு வர்றவரு, இப்ப நீங்க. வெளையாட்டுச் சாமான்தானுங்க. பிளாஸ்டிக் கட்டை. ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு அழுத்துனா கப்புனு பிடிச்சுக்கும். மேல் தட்டுல இருக்கறது உப்புக்கோட்டை, ரெண்டாயிரத்து நூத்திப் பதினேழு பீசு. அதுக்குக் கீழ பாம்புக் கெணறு. ஆறு செட்டு இருக்குது. எண்ணிப் பாத்தா ஒரு பீசு கொறையாது. இப்பத்தான் கொறையாது. ஆறு வருசமா கொறைஞ்சுதான் கெடந்துச்சு, அதத்தான் போன மாசம் சரி பண்ணுனேன். அந்தக் கதைக்கு வர்றேன்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடிச்சுச்சுன்னு கேப்பீங்க. ஒரு மால்ல லிஃப்டு பாதில நின்னு போச்சுங்க. உள்ள ஒருத்தரு நாப்பது நிமிசமா வேர்த்து விறுவிறுத்து நிக்கறாரு. நான் போயி தொறந்து விட்டேன். அவரு அங்கயே மூணாவது மாடில வெளையாட்டுச் சாமான் கடை வெச்சிருக்கறவரு. கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி, வேண்டாம் வேண்டாமுன்னாலும் கேக்காம ஒரு டப்பாவக் குடுத்துட்டாரு. ஊட்டுக்குக் கொண்டாந்தேன். அப்ப மிருதுளாவுக்கு ஏழு வயசு. என்ற பொண்ணுதானுங்க மிருதுளா. ஒரே பொண்ணு.

அன்னைக்குப் பிடிச்சதுதான். அதுக்கப்பறம் ஒவ்வொரு தீவாளிக்கும் ஒரு செட்டு. ஞாயித்துக்கிழமையானா அப்பனும் மவளும் பாயப் போட்டு உக்காந்துக்குவோம். சேந்துதானுங்க கட்டுவோம். நான் டப்பாவோட வர்ற புக்கப் பாத்துச் சொல்லுவேன், "செவப்பு, நாலு புள்ளி, ரெண்டு"ன்னு. அவ தேடி எடுத்துக் குடுப்பா. மாட்டறது நான். ஒரு பீசு கூட தப்பாப் போவாது. என்ற தொழில் அப்படிங்க. ஒரு போல்ட்டு மாறிப் போச்சுன்னா எட்டாவது மாடில இருந்து எட்டுப் பேரு கீழ வருவாங்க. அதனால எனக்குக் கண்ணு தானா அங்கதான் போவும், எது மாறியிருக்குதுன்னு. பொண்டாட்டி கோலம் போட்டாக் கூட ஒரு புள்ளி தள்ளிப் போயிருந்தா சொல்லிருவேன். நல்லதுக்குத்தான சொல்றோம்?

உப்புத்தேசமுன்னு ஒரு படமுங்க. இங்கிலீசுப் படம், தமிழ்ல பேசி வந்துச்சு. அஞ்சு பாகம். இந்த ஆறு செட்டும் அந்தப் படத்துல வர்றதுதான். கடல் பூராம் உப்பா இறுகிப்போன ஒரு தேசம். ஒரு ராசா, நாலு சேனாதிபதி, உப்புக்குள்ள தூங்கற பாம்பு ஒண்ணு. சண்டைதான் பூராம். ரெண்டாவது பாகத்துல ராசா ஊர விட்டு ஓடறப்ப கறுப்பாறுன்னு ஒண்ணு குறுக்க வரும். அங்க ஒரு பொம்பள தோணி வெச்சிருப்பா. அவர ஏத்தி அக்கரைல கொண்டுபோயி விடுவா. ஒரு வார்த்தை பேச மாட்டா. ராசா மோதிரத்தக் கழட்டி நீட்டுவாரு, வாங்க மாட்டா. தோணியத் திருப்பிட்டுப் போயிருவா. அஞ்சு நிமிசந்தான். அதுக்கப்பறம் மூணு பாகத்துலயும் அவ கெடையாது.

எத்தனையோ இருக்குதுங்க அந்தப் படத்துல. பாம்பு இருக்குது, பறக்கற குதிரை இருக்குது. இவளுக்கு அதுல ஒண்ணும் வேண்டாம். தோணிக்காரிதான் வேணும். "எல்லாத்தையும் கொண்டுபோயி விட்டுட்டு அது மட்டும் தனியாத் திரும்புதுங்களேப்பா, போறப்ப யாருகூடப் பேசும்?"ங்கறா. நான் சொன்னேன், "அம்மிணி, அது சும்மா வந்துட்டுப் போற ஆளு. அதுக்கெல்லாம் கம்பெனிக்காரன் பொம்மை போட மாட்டான்." ஒவ்வொரு செட்டு வாங்கும்போதும் டப்பாவத் திருப்பித் திருப்பிப் பாப்பா, தோணிக்காரி இருக்குதான்னு. இருக்காது.

அவளா ஒண்ணு பண்ணிட்டாளுங்க. பதினோரு வயசு அப்ப. சமையக்காரியோட பாவாடை, எவனோ ஒரு சேனாதிபதியோட ஒடம்பு, தலை வேற எங்கிருந்தோ. துடுப்புக்கு ராசாவோட கொடிக்கம்பத்த உருவிட்டா. இது எப்படிங்க சரியாவும்? அரண்மனைல சமையக்காரி பாவாடை இல்லாம நிக்கறா, ராசா கொடி இல்லாம நிக்கறாரு. எனக்கு அப்ப ரெண்டாம் ஷிப்டு, மத்தியானம்தான் கெளம்பணும். அவ எட்டரைக்குப் பள்ளிக்கூடம் போயிருவா. நான் அலமாரியத் தொறந்து, அததக் கழட்டி அதது எடத்துல மாட்டி வெச்சுட்டு வேலைக்குப் போயிருவேன். அவ சாயங்காலம் வந்து பாப்பாளாம், ஊட்டுக்காரி சொல்லுவா. அடுத்த நாள் பாத்தா மறுபடி தோணிக்காரி நிக்கும். நான் மறுபடி கழட்டுவேன். எட்டு ஒம்பது தடவை நடந்திருக்குமுங்க. பிடிவாதம். நூலைப் போல சேலை, தாயைப் போல புள்ளைன்னு சும்மாவா சொன்னாங்க?

நான் ஒருநா கூட திட்டல பாருங்க. சரியா இருக்கறதப் பாத்துப் பாத்து தானாப் புரிஞ்சுக்குவான்னு விட்டுட்டேன்.

ஒருநா, அவளுக்குப் பள்ளிக்கூடம் லீவு, கழட்டறேன், வரலைங்க. திருகறேன், வரலை. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா, ஒட்டிட்டா! அஞ்சு ரூவாய்க்கு ட்யூப்புல விக்குமே, வெரல் பட்டா வெரலும் ஒட்டிக்குமே, அந்தப் பசை. கழுத்துல, இடுப்புல, துடுப்புப் பிடிச்ச கையில, எல்லாத்துலயும் பசை.

உங்களுக்கு அது சாதாரணமாத் தெரியுமுங்க. எங்களுக்கு அப்படியில்ல. எங்களுக்குன்னு ஒரு வாட்ஸாப் குரூப்பு இருக்குது. பீளமேட்டுல கம்ப்யூட்டர் வேலை பாக்கற பசங்க ரெண்டு பேரு, ஒரு பல் டாக்டரு, அந்தக் கடைக்காரரு, இப்படி நாப்பது பேரு. இந்தக் கட்டை செய்யறவனே கழட்டி மாட்டறதுக்குத்தான் செய்யறான். அதுல பசை போடறது கோயில்ல செருப்புப் போட்டுட்டுப் போற மாதிரி. குரூப்புல சொல்லியிருந்தேன்னா என்னயத் தள்ளி வெச்சிருப்பாங்க.

அவ எதுக்கு ஒட்டுனான்னு இன்னைக்கு வரைக்கும் நான் ரோசனை பண்றனுங்க. ஸ்ட்ராங்கா நிக்கட்டுமுன்னு ஒட்டியிருப்பாளாட்ட இருக்குது. சின்னப் புள்ளதான?

கத்திட்டேன். ஆமாங்க, கத்திட்டேன். "ரெண்டாயிரம் பீசையும் கெடுத்துட்டயே"ன்னு. கை வேற லேசாப் பட்டிருச்சு. ஒருக்காத்தான். கன்னத்துல. அவ அழுகலைங்க, அதுதான் எனக்கு ஆவல. அந்தத் தோணிக்காரியப் பிடுங்கி என்ற டூல் பாக்ஸுல போட்டுப் பூட்டிட்டேன். ஊட்டுக்காரி சமையக்கட்டு வாசப்படில நின்னு பாத்துட்டு இருந்தா. சுகந்தாமணின்னு பேரு. அவ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "இந்த ஊட்டுல உங்களுக்கு ஆளு வேண்டாமுங்க, பீசுதான் வேணும்."

பரிச்சை முடிஞ்சு ரெண்டு பேரும் திருப்பூர் போனாங்க, அவளோட அண்ணன் ஊட்டுக்கு. லீவுக்குத்தான் போனாங்க. அந்த லீவு இன்னும் முடியலைங்க. ஆறு வருசமாச்சு.

என்னங்க? கல்யாணமான ஜோடி எத்தனைங்களா? இப்படியெல்லாமா கேள்வி வெச்சிருக்கறாங்க! கல்யாணம் ஆச்சுங்க, மருதமலைல, எங்க சனம் பூராம் வந்திருந்தாங்க. கோர்ட்டு, கேசுன்னு ஒண்ணும் கெடையாது. ஜோடின்னு எதப் போடுவீங்க? இங்க இருக்கறதத்தான் போடணுமா? அப்ப அதையும் கடைசில வெச்சுக்கங்க. இருங்க, தண்ணி கொண்டாறேன்.

கொளுத்துது வெயிலு. குடிங்க. நீங்களும் பாவம், படி ஏறி ஏறி எத்தனை ஊடு. இந்தக் கட்டடத்துல லிஃப்டு இல்ல பாருங்க, லிஃப்டுக்காரன் ஊட்டுக்கு லிஃப்டு இல்ல.

திருப்பூரு ஒண்ணேகால் மணி நேரப் பஸ்ஸுதானுங்க. ஏன் போகலைன்னு நெனைப்பீங்க. போனேனுங்க. ரெண்டு தடவை. மச்சினன் பனியன் கம்பெனி வெச்சிருக்கறாரு, சுகந்தாமணி அங்க ஆபீஸ் பாத்துக்கறா. வந்துட்டுப் போற ஒறம்பரையாட்டக் காபி குடுத்தாங்க. அவங்க கட்டியிருந்த புது ஊட்டுல கதவு ஒண்ணு தரைல ஒரசிட்டு இருந்துச்சு. நான் கீலக் கழட்டிச் சரி பண்ணிக் குடுத்துட்டு வந்துட்டேன். அதுக்கப்பறம் போகல. கூப்புட்டாப் போலாமுன்னு இருந்துட்டேன்.

போன வருசத்துல ஒருக்கா மிருதுளாவே போன் பண்ணுனா. அதிசயமா! பரிச்சை எப்படி, படிப்பு எப்படின்னு நான்தான் கேட்டுட்டு இருக்கறேன். திடீர்னு அவ கேட்டா, "அப்பா, அதக் கழட்டிட்டீங்களா?" எதைன்னு எனக்குத் தெரியாதா? "இன்னும் இல்லம்மிணி, அப்படியேதான் இருக்குது"ன்னேன். "சரிங்கப்பா"ன்னுட்டு வெச்சுட்டா. எனக்கு மனசு கேக்கலைங்க. பாவம், செட்டக் கெடுத்துட்டோமேன்னு இத்தன வருசமா அது மனசுல உறுத்திட்டே இருந்திருக்குது. எப்படியாவது அதச் சரி பண்ணிக் காட்டிரணும்னு அன்னைக்கே நெனைச்சேன்.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன்.

இந்தத் தை மாசம் குரூப்புல ஒரு படம் வந்துச்சு. வெளிநாட்டுக் கடையோட புக்குல இருந்து எவனோ திருட்டுத்தனமா எடுத்த போட்டோ. மங்கலா இருக்குது. உப்புத்தேசம் பத்து வருசம் ஆனதுக்காக புதுசா மூணு செட்டு வரப்போவுதுன்னு. ஒண்ணு சிம்மாசன மண்டபம், ஒண்ணு பாம்பு முழுசா, மூணாவது என்னன்னு யாருக்கும் தெரியல. பசங்க பெருசு பண்ணிப் பாக்கறாங்க, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கோட்டைச் செவுருங்கறான் ஒருத்தன், பாலங்கறான் ஒருத்தன். நான் பாத்தேன். கறுப்புக் கட்டை அத்தனையும் படுக்கையாக் கெடக்குது. நான் ஒருத்தன்தான் சொன்னேன், "அது செவுரில்லீங்க தம்பி, தண்ணி. கறுப்பாறு. ஓரத்துல முளைக்குச்சி தெரியுது பாருங்க, தோணித்துறை." சிரிச்சாங்க. மாசி கடைசில கம்பெனிக்காரனே படம் போட்டான். கறுப்பாத்துத் தோணித்துறை. அதுல தோணிக்காரி! முக்காடு போட்டு, கையில துடுப்போட.

டீச்சருங்க, அன்னைக்கு நான் வேலைக்கே போகல.

அந்தப் படத்த மிருதுளாவுக்கு வாட்ஸாப்புல அனுப்புனேன். ரெண்டு கோடும் நீலமாச்சு. பதில் வரலை. பங்குனில வெலை சொன்னான், தேதி சொன்னான், ஜூன் ஒண்ணுன்னு. அதையும் அனுப்புனேன். நீலமாச்சு. "பன்னெண்டாவது பரிச்சை முடிஞ்சதும் லீவுக்கு வா அம்மிணி, அப்பாவும் நீயும் சேந்து கட்டலாம்"னு எழுதுனேன். ரெண்டு நாள் கழிச்சு ஒரு கட்டை வெரல் படம் வந்துச்சு. இப்படி, மேல தூக்குன மாதிரி. அதுக்கு என்னங்க அர்த்தம்? சரின்னுதான? குரூப்புல கேட்டேன், சரின்னுதான் அர்த்தம்னாங்க.

ஊட்ட வெள்ளையடிச்சேன். ஃபேனத் தொடச்சேன். பதினேழு வயசுப் புள்ள பாய்ல உக்காராதேன்னு இந்த மேசையும் ரெண்டு சேரும் வாங்குனேன். நீலம் அவளுக்குப் பிடிக்கும். அப்பப் பிடிச்சுதுங்க.

புது செட்டு வரப்போவுது, பழசெல்லாம் கொறையாக் கெடந்தா நல்லாவா இருக்கும்? டூல் பாக்ஸத் தொறந்து அந்த ஒட்டுனத வெளிய எடுத்தேன். பல் டாக்டர்தான் வழி சொன்னாரு. அவருகிட்ட அது யாரோ தெரிஞ்சவங்க ஊட்டுதுன்னு பொய் சொன்னேன். ஐஸ் பொட்டில ஒருநா பூரா வெச்சு எடுத்தாப் பசை நொறுங்குமுன்னாரு. வெச்சேன். அப்பறம் சின்ன பிளேடு. மூணு நாளு. ஒரு கீறல் விழலைங்க! கழுத்து வேற, இடுப்பு வேற, கை வேறன்னு வந்துருச்சு. பல் வெளக்கற பிரஸ்ஸுல தேச்சேன், பசைத் தடம் சுத்தமாத் தெரியாது. கழட்டுன கையோட சமையக்காரி பாவாடை சமையக்காரிக்கு, கொடிக்கம்பம் ராசாவுக்கு, ஒடம்பு, தலை எல்லாம் மத்த பொம்மைகளோடதோட ஒண்ணாப் போட்டுக் கழுவி, புக்கப் பாத்து அதது எடத்துல. ஆறு செட்டும் ஆறு வருசத்துக்கப்பறம் முழுசாச்சு. அவ வந்து அலமாரிக் கண்ணாடியப் பாத்ததும் முதல்ல அதத்தான் கவனிப்பான்னு நெனைச்சேன். நெனைச்சு நெனைச்சு சந்தோசமாத்தான் இருந்தேன்.

ஜூன் ஒண்ணாந்தேதி கடை தொறக்கறதுக்கு முன்னாடியே போயி நின்னேன். அந்த டப்பாதான் இது. இன்னும் பிரிக்கலைங்க. சேந்து பிரிக்கலாமுன்னு வெச்சிருக்கறேன்.

நாலு நாளைக்கு முன்னாடி பதில் வந்துச்சு. படிக்கறேன் இருங்க, கண்ணாடி எங்க வெச்சேன்… ம். "அப்பா, திருச்சி காலேஜ்ல சீட்டு கெடச்சிருச்சு. அடுத்த வாரம் ஹாஸ்டலுக்குப் போறேன். புது செட்டு வேண்டாங்கப்பா, அத நீங்களே கட்டுங்க. நான் பண்ணுன தோணிக்காரி இருக்குதுன்னு அன்னைக்குச் சொன்னீங்கல்ல. இன்னும் கழட்டாம வெச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சு அன்னைக்கு ரொம்ப அழுதேன். அது மட்டும் வேணும். ரூம்புல டேபிள் மேல வெச்சுக்கறேன். ஞாயித்துக்கிழமை காலைல வந்து வாங்கிக்கறேன். அம்மாவும் மாமாவும் கீழ கார்ல இருப்பாங்க."

ஞாயித்துக்கிழமைன்னா நாளைக்குங்க.

ரெண்டு கோடும் நீலமாயிருக்கும் அவளுக்கு. நான் பாத்துட்டேன்னு தெரியும். பதில் போட வெரலு வரமாட்டேங்குது.

திரும்ப ஒட்டிக் குடுத்தா என்னன்னு உக்காந்தேன். பாவாடை தெரியும், கொடிக்கம்பம் தெரியும். ஒடம்பு எந்தச் சேனாதிபதியோடதுன்னு சந்தேகம். தலைதானுங்க தெரியல. இந்தத் தட்டுல பாருங்க, பதினோரு பொம்பளத் தலை. ஒவ்வொண்ணுலயும் முன்னப் பின்ன ரெண்டு மூஞ்சி. சிரிச்ச மூஞ்சி ஒண்ணு, மொறைச்ச மூஞ்சி ஒண்ணு. இதுல எதுன்னு நெனப்பு வரலை. சிரிச்சுட்டு இருந்துச்சா, சும்மா பாத்துட்டு இருந்துச்சான்னு கூடத் தெரியல. ஆறு வருசம் என்ற டூல் பாக்ஸுல கெடந்துச்சுங்க. நான் பசையத்தான் பாத்தேன், மூஞ்சியப் பாக்கல.

போன்ல தேடுனேன். செட்டுச் செட்டா போட்டோ எடுத்து வெச்சிருக்கறேன், முன்னாடி, பின்னாடி, மேல இருந்து. எல்லாத்துலயும் சமையக்காரி சமையக்காரியா நிக்கறா. கழட்டிச் சரி பண்ணுனதுக்கப்பறம்தான எடுப்பேன்? அவ பண்ணுனத ஒருக்கா கூட எடுக்கலைங்க. அதுக்குப் புக்கும் கெடையாது. அது அவ மனசுல இருந்து பண்ணுனது.

பிள்ளையார் பிடிக்கக் கொரங்காப் போச்சுன்னு சொல்லுவாங்க. நான் கொரங்குன்னு நெனைச்சுப் பிள்ளையாரையே ஒடைச்சுட்டேனுங்க.

நீங்க டீச்சரு. பதினோரு வயசுப் புள்ளைங்க எத்தனையப் பாத்திருப்பீங்க. ஒரு தலைய எடுத்துக் காட்டுங்களேன், அந்த வயசுப் புள்ள எத எடுத்திருக்குமுன்னு. சும்மா ஒரு ஊகந்தான். எதாவது ஒண்ண ஒட்டிக் குடுத்துட்டா அவளுக்குத் தெரியவா போவுது? ஆறு வருசம் ஆச்சே?

என்னங்க அப்படிப் பாக்கறீங்க.

ஆமாங்க. தெரியும். அவளுக்குத் தெரியும். சாயங்காலம் பள்ளிக்கூடத்துல இருந்து வந்து பைய எறக்கறதுக்கு முன்னாடி இங்க வந்து நிப்பாளாம். நான் அலமாரிக் கண்ணாடிய மூடி, எல்லாம் சரியா வெச்சிருப்பேன். அவ ஒரு நிமிசம் பாத்துட்டு அக்கட்டால போயிருவாளாம். அந்த ஒரு நிமிசம் அவ எதத் தேடியிருப்பான்னு இந்த நாலு நாளாத்தானுங்க எனக்கு ரோசனை போவுது. எதுக்கு ஒட்டுனான்னு கேட்டேன்ல உங்ககிட்ட? உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்குமுங்க. நான் சொல்லிட்டே இருந்தேன், நீங்களும் கேட்டுட்டே இருந்தீங்க.

காலைல கடைக்குப் போயி இத வாங்கியாந்தேன். அதே அஞ்சு ரூவா ட்யூப்பு. இத அந்தத் தட்டு ஓரத்துல வெச்சுருவேன். பாவாடை, கம்பம், ஒடம்பு நாலு, தலை பதினொண்ணு, எல்லாம் தனித்தனியா அப்படியே இருக்கட்டும். வந்தாள்னா, "அம்மிணி, அப்பா கழட்டிட்டேன்"னு சொல்லிருவேன். சொல்லிட்டு அந்த ஓரமாப் போயி நின்னுக்குவேன், கையப் பின்னாடி கட்டிட்டு. அவ நீலச் சேர்ல உக்காந்து மறுபடி பண்ணுனா பண்ணட்டும். ராசா தலைய வெச்சாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன். பண்ணாம, ஒரு நிமிசம் பாத்துட்டு எறங்கிப் போனாலும் போவா. கீழ கார் நிக்குமே.

சரிங்க, உங்களுக்கு நேரமாச்சு. அந்தக் கட்டத்தப் போட்டுருங்க. ஒண்ணு. ஒரு ஆளு. ஜோடின்னு கேட்ட எடத்துல சைபர்.

டீச்சருங்க, ஒரு நிமிசம். நாளைக்கு மேல எதாவது மாறுச்சுன்னா, இதத் திருத்தறதுக்கு வழி இருக்குதுங்களா? உங்க நம்பரக் குடுத்துட்டுப் போறீங்களா?

இல்ல, வேண்டாமுங்க. விடுங்க. போட்டது போட்டபடியே இருக்கட்டும். இனி நான் எதையும் திருத்தறதா இல்ல.